டாட்சன் 240இசட் காருக்கு டொயோட்டா காலிப்பர்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டு டாட்சன் 240இசட் உள்ளது. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் முன் காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேட் எனும் உராய்வுத் துண்டுகளால் இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பகுதி) இதற்கு அப்படியே பொருந்தும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் எந்த ஹைலக்ஸ் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். 1979 முதல் 1985 வரை வந்த நான்கு சக்கர இயக்க வண்டிகளின் நான்கு பிஸ்டன் காலிப்பர், 240இசட்டின் சொந்த டிஸ்க்கை மாற்றாமலே அதன் மேல் அமரும். பின்னால் உள்ள தூசித் தகட்டை மட்டும் வெட்டவோ கழற்றவோ வேண்டியிருக்கும். இதன் வார்ப்பில் "எஸ்12+8" என்ற குறி இருக்கும். "எஸ்12டபிள்யூ" என்று குறித்தது காற்றோட்டமுள்ள தடித்த டிஸ்க்குக்கானது. அதைப் பொருத்த நிஸான் 300இசட்எக்ஸ் டிஸ்க்கும் இடைவளையமும் தேவைப்படும். பழைய காலிப்பர் வாங்கினால், பிஸ்டனை வெளியே எடுத்து அதன் பக்கவாட்டில் துருக்குழி உள்ளதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் புதிய சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டும் பயனில்லை.

கேள்வி: இதைப் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்குமா?

பதில்: பலரும் இந்த ஆசையில்தான் இறங்குகிறார்கள். உங்கள் இப்போதைய பிரேக் நான்கு சக்கரங்களையும் வழுக்கும் எல்லை வரை கொண்டுபோகிறது என்றால், ஒரே ஒரு முறை அழுத்தி நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான், காலிப்பர் அல்ல. சுமார் 1,050 கிலோ எடையுள்ள இந்தக் கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 400 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதன் பெரும்பகுதியை முதலில் வாங்கிக்கொள்வது டிஸ்க்கின் இரும்பு. 12.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அதே திட டிஸ்க்கை வைத்துக்கொண்டு காலிப்பரை மட்டும் பெரிதாக்கினால், பேடின் பரப்பும் அழுத்தும் விசையும் கூடுமே தவிர, வெப்பத்தைத் தாங்கும் இரும்பு கூடாது. மலைப்பாதையிலோ பந்தயத் தடத்திலோ அடிக்கடி பிரேக் பிடிப்பவருக்கே தடித்த டிஸ்க்கின் பலன் தெரியும். மற்றவர்களுக்கு நல்ல பேட், புதிய ஹோஸ், புதிய திரவம் ஆகியவற்றை முதலில் போட்டுப் பாருங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: காலிப்பரை மாற்றிய பிறகு பிரேக் மிதி நெடுந்தூரம் இறங்குகிறது. குழாய்களில் காற்று ஏதும் இல்லை. ஏன்?

பதில்: பெரிய பிஸ்டன்களை அதே அளவு நகர்த்த அதிகத் திரவம் வேண்டும்; அதைத் தருவதற்கு 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரின் (மிதியை அழுத்தும்போது திரவத்தைத் தள்ளும் உருளை) பிஸ்டன் இன்னும் கூடுதல் தூரம் போக வேண்டியுள்ளது. பின்னர் வந்த டாட்சன் 280இசட்எக்ஸின் 15/16 அங்குல மாஸ்டர் சிலிண்டரைப் பலர் போடுகிறார்கள். குறுக்குப்பரப்பு 15 சதவீதம் கூடுவதால் மிதி சீக்கிரம் பிடிக்கும்; ஆனால் அதே கால் விசைக்குக் கிடைக்கும் அழுத்தம் 13 சதவீதம் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றை வாங்குகிறீர்கள். அதற்கு முன் பின்சக்கர டிரம்மில் ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) சரியாக நெருக்கி வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள், ஏனெனில் பாதி வண்டிகளில் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: முன்பிரேக்கின் பிடிப்பு அதிகமாகிவிட்டதால் பின்பிரேக்கைக் கூட்ட, திருகிச் சரிசெய்யும் அழுத்த வால்வு போடலாமா?

பதில்: அந்த வால்வு பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கவே செய்யும், கூட்டாது. உங்கள் நிலையில் வேண்டியது அதற்கு நேர்மாறானது: சற்றுப் பெரிய வீல் சிலிண்டர் (பின்சக்கர ஷூவைத் தள்ளும் சிறு உருளை), அல்லது உராய்வு கூடிய ஷூ, அல்லது பின்பக்கமும் டிஸ்க். பின்டிஸ்க்குக்கு மாறினால் கைபிரேக் கேபிளையும் மாற்றியமைக்க வேண்டும். அந்த வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். எப்படிச் செய்தாலும் முன்சக்கரங்களே முதலில் பூட்டிக்கொள்ளும்படி (சுழலாமல் நின்று வழுக்கும்படி) வையுங்கள். பின்சக்கரம் முந்தினால் கார் சுழன்றுவிடும்.

கேள்வி: என்னுடையது டிரையம்ப் டிஆர்6 என்ற ஆங்கிலேயக் கார். இதே காலிப்பருக்குப் பழைய குழாய் மரை ஏறுகிறது, சற்றுத் தளர்வாக இருக்கிறது. போதுமா?

பதில்: தயவுசெய்து ஓட்டாதீர்கள். உங்கள் பழைய குழாயில் இருப்பது 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 சுற்று உள்ள மரையாக இருக்கும். டொயோட்டா காலிப்பரில் இருப்பது 10 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் இடைவெளி மரை. ஆங்கில மரையின் விட்டம் 9.5 மில்லிமீட்டர் மட்டுமே. எனவே சில சுற்றுகள் ஏறி, இறுகியது போன்ற பொய்யான உணர்வைத் தரும். முழு அழுத்தம் வரும்போது மரை உரிந்து குழாய் தெறித்துவிடும். பொருத்தமான மரையுள்ள புதிய குழாயைச் செய்து வாங்குங்கள்.

கேள்வி: எத்தனை முறை பிளீட் செய்தும் (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றியும்) மிதி பஞ்சு போலவே இருக்கிறது.

பதில்: பிளீட் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது? இடது, வலது காலிப்பர்கள் இடம் மாறியிருந்தால் திருகு கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கிவிடும். பக்கம் மாற்றிப் போட்டால் சரியாகும்.

கேள்வி: சிலிக்கோன் பிரேக் திரவம் போடலாமா?

பதில்: டாட் 5 (டாட் என்பது பிரேக் திரவத்தின் தரக்குறி) சிலிக்கோனைப் பழைய கிளைகால் திரவத்துடன் கலக்கக் கூடாது. இந்த வண்டிக்கு டாட் 4 போதும். அது காற்றிலிருந்து ஈரம் இழுப்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.