சின்னக் கமராவில் ஹூட்டும் ஃபில்டரும் சேர்ந்து இருக்குமா?

கேள்வி: நான் மட்டக்களப்புக் கல்லடியில் வசிக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தான் பாவித்த ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100எஃப் கமராவை அனுப்பியிருக்கிறார். கடையில் யூவி ஃபில்டர், சிபிஎல் ஃபில்டர், லென்ஸ் ஹூட் மூன்றையும் ஒரே பொதியாக எடுத்து வைத்து, “மூன்றையும் ஒன்றாகப் பூட்டினால்தான் கடற்கரையில் படம் எடுபடும்” என்கிறார்கள். லென்ஸில் 23 மி.மீ. என்று எழுதியிருக்கிறது, பொதியில் 49 மி.மீ. என்று இருக்கிறது. பொருந்துமா? வாங்கலாமா?

பதில்: எண் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 23 மி.மீ. என்பது லென்ஸின் குவியத் தூரம். 49 மி.மீ. என்பது ஃபில்டரின் குறுக்களவு. இரண்டுக்கும் உறவே இல்லை. உங்கள் கமராவுக்கு 49 சரியான அளவுதான். ஆனால் நேரடியாகப் பூட்ட முடியாது. லென்ஸின் முன்னால் உள்ள மெல்லிய வளையத்தைக் கழற்றிவிட்டு, ஏஆர்-எக்ஸ்100 என்ற இணைப்பு வளையத்தைத் திருக வேண்டும். அண்ணனின் பெட்டியில் அது கிடக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். கடைக்காரர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதிலிருந்தே அவருக்கு இந்தக் கமரா எவ்வளவு பழக்கம் என்று தெரிகிறது.

இனி விடயத்துக்கு வருகிறேன். லென்ஸின் முன்னால் வெயில் மறைப்பாக நிற்கும் ஹூட்டும் ஃபில்டரும் சேர்ந்து இருக்கலாமா என்றால், இருக்கலாம். இன்னும் சொன்னால், ஃபில்டர் பூட்டியவருக்குத்தான் ஹூட் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 8. பக்கவாட்டிலிருந்து வரும் வெயில் அந்தத் தட்டைக் கண்ணாடியில் விழுந்தால் படம் பால் கலந்ததுபோல் வெளிறிவிடும். ஹூட் அந்த வெயிலைத் தடுக்கிறது.

எப்படிப் பூட்டுவது என்பதில்தான் சிக்கல். ஃபுஜியின் எல்எச்-எக்ஸ்100 ஹூட் இணைப்பு வளையத்தின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொள்ளும். ஃபில்டர் உள்ளே இருக்கும் புரியில் தனியாக அமரும். ஒன்றை ஒன்று தள்ளாது. உங்கள் பொதியில் இருப்பது திருகு ஹூட் என்றால், அது ஃபில்டரின் மேல் ஏறி உட்காரும். யூவி, அதன்மேல் சிபிஎல், அதன்மேல் ஹூட் என்று அடுக்குச்சட்டிபோல் நீண்டுகொண்டே போனால் படத்தின் நான்கு மூலைகளும் கறுத்துவிடும். உங்கள் லென்ஸ் பழைய ஃபிலிம் கணக்கில் 35 மி.மீ. அளவுக்குப் பரந்த பார்வை கொண்டது, அதனால் அந்த விளிம்புகளையும் படத்தில் பிடித்துவிடும். கடை வாசலிலேயே சோதிக்கலாம்: லென்ஸின் துவாரத்தை எஃப்16க்குச் சுருக்கி வைத்து, வெறும் வானத்தை எடுத்துத் திரையில் மூலைகளைப் பாருங்கள். கமராவின் ஒளியியல் கண்துளை வழியே பார்த்தால் இது தெரியாது. அது லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. ஹூட்டின் விளிம்பு கண்துளையின் ஒரு மூலையை மறைப்பது மட்டும் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம், அது படத்தில் வராது.

சிபிஎல் என்பது நீர்மேல் மின்னும் வெளிச்சத்தைக் குறைத்து வானத்தின் நீலத்தைக் கூட்டும் முனைவாக்கி ஃபில்டர்; அதைத் திருப்பித் திருப்பித்தான் பாவிக்க வேண்டும். ஹூட் மூடியிருந்தால் விரல் உள்ளே போகாது. இங்கே மட்டும் திருகு ஹூட் ஒரு நன்மை செய்கிறது: சிபிஎல்லின் முன் வளையத்தில் அதைப் பூட்டினால், ஹூட்டைச் சுழற்றும்போது ஃபில்டரும் சுழலும். எப்போதும் இறுக்கும் திசையில் சுழற்றுங்கள், இல்லையென்றால் வாவிக்குள் விழும். காலையில் கல்லடிக் கடற்கரையில் சூரியனைப் பார்த்து நின்று சிபிஎல்லை எவ்வளவு சுழற்றினாலும் வானம் மாறாது. கரையோரமாக வடக்கே அல்லது தெற்கே திரும்புங்கள். சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் நீலம் கறுக்கும். ஒன்று முதல் இரண்டு நிறுத்தம் வரை, அதாவது பாதி முதல் முக்கால் பங்கு வரை, வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் மாலை மங்கியதும் கழற்றிவிடுங்கள். பாலத்திலிருந்து வாவியைக் கீழ்நோக்கிப் பார்க்கும்போது நீர்மேல் மின்னும் வெளிச்சத்தை நன்றாகவே குறைக்கும். பாடுமீனைப் பிடிக்க எந்தக் கம்பனியும் இன்னும் ஃபில்டர் செய்யவில்லை.

யூவி ஃபில்டரைப் பொறுத்தவரை, டிஜிட்டல் கமராவில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் அதன் பெயருக்கான வேலை அநேகமாக இல்லை. உப்புத் தூவானமும் மணலும் பறக்கும் இடத்தில் லென்ஸுக்கு முன்னால் நிற்கும் காவல் கண்ணாடி, அவ்வளவுதான். அந்த வேலைக்காக ஒன்று வைத்திருக்கலாம். சிபிஎல் போடும்போது அதைக் கழற்றுங்கள். இரவில் கல்லடிப் பாலத்து விளக்குகளை எடுக்கும்போதும் கழற்றுங்கள்; இல்லையென்றால் ஒவ்வொரு விளக்கின் மங்கலான பிம்பமும் தலைகீழாகப் படத்தின் மறுபுறத்தில் மிதக்கும். சூரியனோ விளக்கோ சட்டகத்துக்குள்ளேயே இருக்கும்போது ஹூட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே பொதி வேண்டாம். இணைப்பு வளையம், அதைப் பற்றும் ஹூட், பல அடுக்குப் பூச்சுள்ள ஒரு காவல் ஃபில்டர், ஒரு 49 மி.மீ. மூடி. மூடியை மறந்துவிடாதீர்கள், பழைய மூடி வளையத்தின்மேல் நிற்காது. பூச்சைச் சோதிக்க, கண்ணாடியில் கடையின் குழல்விளக்கைப் பாருங்கள்: வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பூச்சு இல்லை, பச்சையோ ஊதாவோ மங்கலாகத் தெரிந்தால் உண்டு. சிபிஎல் வாங்கியே தீருவது என்றால், கமராவில் பூட்டும் பக்கம் உங்கள் கண்ணை நோக்கியிருக்க, கடைக்காரரின் கணிப்பான் திரையை அதனூடாகப் பார்த்துச் சுழற்றுங்கள். திரை ஒரு கட்டத்தில் கறுக்காவிட்டால் அது வெறும் சாம்பல் கண்ணாடி.

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் பழைய கனன் ஜி12 இருக்கிறது. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிறதே, ஃபில்டரை எங்கே பூட்டுவது?

பதில்: லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றினால் எல்ஏ-டிசி58கே என்ற குழாயைப் பூட்டலாம். அதன் வாயில் 58 மி.மீ. ஃபில்டர் ஏறும். லென்ஸ் குழாய்க்குள் தன்பாட்டில் போய்வரும். அந்தக் குழாயே பாதி ஹூட் வேலையைச் செய்துவிடுவதால் மேலே இன்னொன்று மாட்டி 28 மி.மீ. என்ற பரந்த பார்வை முனையில் மூலைகளைக் கெடுக்காதீர்கள். கண்துளையையும் அந்தக் குழாய் மறைக்கும், ஃபிளாஷ் அடித்தால் நிழலும் விழும். கல்யாண வீட்டுக்குப் போகும்போது கழற்றி வையுங்கள்.

கேள்வி: பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லி விற்ற ஃபில்டர் பொருந்தவில்லை. பற்றுச்சீட்டும் தரவில்லை. என்ன செய்வது?

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. பொதியைப் பிரித்த நிலையிலேயே கமராவோடு கடைக்குக் கொண்டுபோய், பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகாரசபையிடம் முறையிடுங்கள்.