பைக் வேண்டாம் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: கூடுவாஞ்சேரியிலிருந்து சென்னை சேத்துப்பட்டு அருகே உள்ள கல்லூரிக்கு மின்சார ரயிலில் போய்வருகிறேன். முதலாமாண்டு, வயது 17. கூட்டம் இருந்தாலும் எனக்கு ரயில் பயணம் பிடித்திருக்கிறது. அப்பாவோ, "அத்தை மகன் பைக்கில் போகிறான், நீ மட்டும் ஏன் கூட்டத்தில் நசுங்க வேண்டும்?" என்று கேட்டு, தீபாவளிக்குள் தவணையில் பைக் எடுத்துத் தருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். ஆய்வக வகுப்புள்ள நாட்களில் வீடு திரும்ப இரவாகிவிடுவதும் உண்மைதான். அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது? பிளஸ் டூ படிக்கும் தங்கையும் அடுத்த ஆண்டு நகரக் கல்லூரியில்தான் சேரப்போகிறாள்.
– பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: தம்பி, தீபாவளி பைக்கைப் பொறுத்தவரை நீங்கள் மறுக்க வேண்டிய தேவையே இல்லை, சட்டமே மறுத்துவிடுகிறது. கியர் வைத்த பைக் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. இதை அப்பாவிடம் பயமுறுத்தும் குரலில் சொல்லாமல், "உங்களுக்கு வம்பு வந்துவிடக் கூடாது" என்ற அக்கறையோடு சொல்லுங்கள்.

ஆனால் பிறந்தநாள் வந்ததும் பேச்சு மறுபடி எழும். தன் இளமையில் பேருந்துக்குக் காத்துக் கிடந்த மனிதர், மகனுக்கு அந்த நிலை வேண்டாம் என்று நினைப்பது இயல்பு, அதில் அத்தை வீட்டோடு ஒரு சின்னப் போட்டியும் கலந்திருக்கலாம் (எந்தக் குடும்பத்தில்தான் அது இல்லை?). ஆகவே "எனக்கு ரயில்தான் பிடிக்கும்" என்ற ஒற்றை வாக்கியம் அவரிடம் எடுபடாது. அவருடைய கவலைக்குப் பதில் வேண்டும்.

அந்தக் கவலை, பயணத்தின் நடுப்பகுதியைப் பற்றியதாக இருக்க முடியாது. ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி சென்னையைத் தென்மாவட்டங்களோடு இணைக்கும் ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர், தாம்பரம், பல்லாவரம், கிண்டி என்று லாரிகளுக்கும், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு வந்துபோகும் வெளியூர்ப் பேருந்துகளுக்கும் இடையே தினமும் பைக் ஓட்டுவதைவிட ரயில் பாதுகாப்பானது என்பதை அவரே ஒப்புக்கொள்வார். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்களே. செலவுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் என்றால் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல், மாதம் சுமார் மூவாயிரம் ரூபாய், தவணை தனி. மாணவர்களுக்கான பாதிக் கட்டண சீசன் டிக்கெட் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. கல்லூரி முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் இட்ட சலுகைப் படிவத்தை ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் கொடுத்தால் போதும். அந்த சீசனை வைத்துக்கொண்டு ஏசி மின்சார ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள். அதற்குக் கட்டணம் வேறு.

சிக்கல் இரண்டு முனைகளில்தான் இருக்கிறது. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். கூடுவாஞ்சேரி வழியே போகும் செங்கல்பட்டு வண்டி ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். ஆய்வகம் முடிந்து களைப்போடு வரும் உங்களுக்கும், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் அவருக்கும் பொறுமை கரைவது அந்தக் காத்திருப்பில்தான். ஆகவே மாலை செங்கல்பட்டு வண்டிகளின் நேரத்தை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். தாம்பரம் வண்டியில் வர நேர்ந்தால், அங்கே இறங்கியதும் ஒரு வார்த்தை போன் செய்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து பிடியுங்கள். "எங்கே இருக்கிறாய்?" என்று அவர் கேட்குமுன் பதில் போய்விட்டால், பைக் பேச்சின் வேகம் பெருமளவு தணிந்துவிடும் என்பது என் கணிப்பு.

வீட்டுக்கும் கூடுவாஞ்சேரி நிலையத்துக்கும் இடையிலான தூரம் அதிகமென்றால் இப்போதைக்கு சைக்கிள் போதும். 18 முடிந்து முறைப்படி உரிமம் பெற்றபின், வீட்டுக்குப் பொதுவாக ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம் என்று நீங்களே முன்மொழியுங்கள். நிலையம் வரை ஓட்டிச் சென்று ஸ்டாண்டில் விட்டுவிடலாம். வாங்கித் தந்த திருப்தி அவருக்குக் கிடைக்கும், தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டும் நிலை உங்களுக்கு வராது.

உங்கள் பக்கமிருந்தும் ஓர் உறுதி தேவை. தாம்பரத்துக்குப் பிறகு காலை வண்டியில் வாசல்வரை ஆள் நிற்பார்கள். நண்பர்கள் கைப்பிடிக் கம்பியைப் பற்றி வெளியே தொங்கியபடி உங்களையும் கூப்பிடுவார்கள். அந்தக் காட்சியை உங்கள் உறவினர் ஒருவர் பார்த்து வீட்டில் சொன்னால் போதும், மேலே சொன்ன அத்தனை வாதமும் வீண். உள்ளே போய் நில்லுங்கள். இடமில்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

தங்கை நகரக் கல்லூரியில் சேர்ந்தால், பட்டப்படிப்பு முடியும்வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே பெண்களுக்கு ரயில்வே இரண்டாம் வகுப்பு மாத சீசனை இலவசமாகவே தருகிறது. அப்பாவிடம் காட்டும் கணக்கில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.