லாரியில் முதல் வேலை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், லங்காப் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனைத்) தோட்டத்தில் வளர்ந்தவன் நான். வயது 18. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டேன், முடிவுகள் சுமார்தான். சிறு வயதிலிருந்தே எனக்கு லாரி ஓட்ட வேண்டும் என்ற ஒரே ஆசை. காருக்கான 'பி' லைசென்ஸ் இப்போதுதான் கிடைத்தது. சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி முதலாளி ஒருவர், "தோட்டத்துப் பாதையில் மட்டும் ஓட்டு, பெரிய சடக்கில் ஏறாதே, யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார். சம்பளம் டிரிப் கணக்கு. இன்னொருவர், பணம் கொடுத்தால் தேர்வுக்குப் போகாமலே பெரிய லைசென்ஸ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். முறையாகப் போய்க் கேட்ட இடங்களில் எல்லாம் "அனுபவம் இருக்கிறதா?" என்கிறார்கள். வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்? அம்மா நர்சரியில் கன்றுகளுக்கு மண் நிரப்பும் வேலை செய்கிறார். "லாரிக்காரனாவதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று அழுகிறார். சிங்கப்பூர் தொழிற்சாலையில் மாமா வேலை பார்த்து வைத்திருக்கிறார். லாரி ஓட்டுவது அவ்வளவு தாழ்ந்த வேலையா, ஐயா? நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாழ்ந்த வேலை அல்ல. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி அதன் தரம் கெடுகிறது. உரம், அரிசி, சிமெண்டு, கேமரன் மலையிலிருந்து இறங்கும் கோஸ், கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் என்று இந்த நாட்டில் எதுவும் லாரி இல்லாமல் இடம் மாறுவதில்லை. கித்தா (ரப்பர்) காலத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டியவருக்குத் தோட்டத்தில் இருந்த மரியாதையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தோட்டத்து எழுத்தரான கிராணிக்கு அடுத்தபடி வெளியுலகம் தெரிந்தவர் அவர்தான். லயத்துப் பெண்கள் பட்டணத்திலிருந்து மருந்து வாங்கிவரச் சொல்வது அவரிடம்தான். பிரசவ வலி வந்தால் நள்ளிரவில் எழுப்புவதும் அவரைத்தான். உங்கள் அம்மா அழுவது வேலை தாழ்ந்தது என்பதால் இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு இருப்பது பயம். அந்தப் பயம் நியாயமானது.

உங்கள் வீட்டிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். 2025 மே 13 காலை சிக்குஸ் சாலையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த எஃப்.ஆர்.யூ. என்னும் கலகத் தடுப்புப் போலீஸ்காரர்களின் வண்டியில் கல் ஏற்றிய லாரி மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். நம்முடைய திருவிழாவுக்குக் காவலாக வந்தவர்கள் அவர்கள். லாரியில் அளவுக்கு மீறிய பாரம் இருந்ததையும் ஸ்டீயரிங் பழுதையும் பின்னர் விசாரணை சுட்டிக்காட்டியது. இந்த இரண்டும் அன்று காலையில் திடீரென்று முளைத்தவை அல்ல. பாரம் ஏற்றும் இடத்திலும் பட்டறையிலும் யாரோ "பரவாயில்லை, போ" என்று சொன்ன பிறகுதான் லாரி சாலைக்கு வருகிறது. உங்களிடமும் ஒருவர் இப்போது அதைத்தான் சொல்கிறார்.

சட்டம் இதுதான். 17 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். முதல் இரண்டு ஆண்டுகள் 'பி'. கார் லைசென்ஸை வைத்து ஓட்டக்கூடிய வண்டியின் வெற்று எடை 3500 கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் உள்ள லாரிக்கு 'ஈ' வகை லைசென்ஸ் வேண்டும். அதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சரக்கு ஏற்றிப் பிழைப்பதற்கு அதோடு ஜி.டி.எல். என்னும் தொழில் லைசென்ஸும் வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனை, வகுப்பு எல்லாம் உண்டு. சம்மன் பாக்கி வைத்துக்கொண்டு அதை எடுக்கப் போக முடியாது. எனவே உங்கள் முன்னால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதைத் தண்டனைபோல நினைக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. நல்ல ஓட்டுநர் உருவாவது அந்த மூன்று ஆண்டுகளில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"தோட்டத்துப் பாதையில் மட்டும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பொதுமக்கள் போய்வரும் எந்தப் பாதையும் சட்டத்தின் கண்ணில் சாலைதான். சிறுதோட்டக்காரர்களின் மண்பாதையில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள், பெண்கள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். தார்ச்சாலையைவிட மண்பாதை எளிது என்று நினைப்பதும் தவறு. மழை பெய்த செம்மண் மேட்டில், குலை நிறைந்த லாரியின் பின்சக்கரம் வழுக்கினால், பல ஆண்டு ஓட்டியவருக்கே வியர்க்கும். பாலத்துப் பலகை பாரம் தாங்குமா, கால்வாய் ஓரத்து மண் இறங்குமா என்பதெல்லாம் கண் பழகினால்தான் தெரியும். லாரி கவிழ்ந்தால், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்ற ஒரே காரணம் போதும், காப்புறுதி நிறுவனம் கையை விரிக்க. அந்த முதலாளி அன்றைக்கு, "நான் ஓட்டச் சொல்லவே இல்லை" என்பார். உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவரிடம் வேலை செய்தீர்கள் என்பதையே நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

பணம் கொடுத்து எடுக்கும் லைசென்ஸைப் பற்றி நீளமாக எழுத விரும்பவில்லை. நம் ஊரில் 'பறக்கும் லைசென்ஸ்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அதை விற்பவன் உங்களுக்கு உதவி செய்யவில்லை. பிரேக் பிடிக்கத் தெரியாத ஒருவனைப் பத்து டன் பாரத்தோடு ஊருக்குள் அனுப்புகிறான். அந்த ஆளின் தொலைபேசி எண்ணை அழித்துவிடுங்கள்.

இனி, வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் மிக நல்ல கேள்வி அதுதான். நீங்கள் கேட்ட இடங்களில் எல்லாம் 'டிரைவர் வேலை' என்று கேட்டிருப்பீர்கள். கெலிண்டான் வேலை என்று கேட்டுப் பாருங்கள். லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்றி இறக்கி, கயிறு கட்டி, பின்னால் நின்று வழி காட்டும் உதவியாளுக்கு எப்போதும் தட்டுப்பாடு உண்டு. உடல் நோகும் வேலை என்பதால் பையன்கள் நிலைப்பதில்லை. நீங்கள் நிலைத்தால் அதுவே உங்கள் சான்றிதழ்.

அந்த இருக்கையில் உட்கார்ந்து கற்க வேண்டியது ஏராளம். காலையில் வண்டியைக் கிளப்புமுன் நல்ல ஓட்டுநர் காற்றுத் தொட்டியில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவார். பெரிய லாரியின் பிரேக் காற்றில் இயங்குகிறது. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வால்வுகள் துருப்பிடித்துக் கெடும். டயர்களைத் தட்டிப் பார்ப்பார், இரட்டைச் சக்கரத்துக்கு இடையில் கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், சக்கர நட்டுகளைக் கையால் தொட்டுப் பார்ப்பார். பாரத்தை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள். ஒரே எடைதான், ஆனால் பின்பக்கம் தள்ளி ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. குலை லாரியில் வலை போடாமல் போகிறவர்களையும் பார்ப்பீர்கள். வளைவில் விழுகிற ஒரு குலை, பின்னால் மோட்டாரில் வருகிறவரைக் கொல்லப் போதும்.

முடிந்தால் சில மாதமாவது தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி இறங்கும் காய்கறி லாரியில் வேலை தேடுங்கள். உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தும் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். அதைக் காதால் கேட்பது வேறு. ரிங்லெட் தாண்டி வளைவு வளைவாக இறங்கும்போது, எஞ்சின் முனகுவதைக் கேட்டபடி, ஓட்டுநரின் கால் பிரேக்கின் மேல் எவ்வளவு குறைவாகப் போகிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்பது வேறு.

பட்டறை வேலையும் நல்ல தொடக்கம். பீடோரிலும் தெலுக் இந்தானிலும் லாரிப் பட்டறைகள் இருக்கின்றன. பிரேக் கழற்றி மாட்டிய கை, ஓட்டும்போது வண்டியின் சத்தம் மாறுவதை உடனே அறியும். வணிக லாரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வண்டிச் சோதனைக்குப் போக வேண்டும். சோதனைக்கு முதல் நாள் மட்டும் நல்ல டயர் மாட்டி, முடிந்ததும் கழற்றும் பட்டறையா, உண்மையாகவே பழுது பார்க்கும் பட்டறையா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். முதல் வகையாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். படிக்க மனமிருந்தால் டீசல் எஞ்சின் பிரிவில் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். எடுக்க வழி உண்டு. எஸ்.பி.எம். முடிவுகள் சுமார் என்பது அதற்குத் தடையில்லை. உர ஸ்டோர், ஹார்டுவேர் கடை, செம்பனை ஆலையின் எடைமேடை ஆகிய இடங்களிலும் கேட்டுப் பாருங்கள். எடைமேடையில் இருப்பவனுக்கு அந்த வட்டாரத்து லாரி முதலாளிகள் எல்லோரையும் தெரியும். யார் அதிக பாரம் ஏற்றுகிறார், யார் ஓட்டுநரை மதிக்கிறார் என்பதும் அங்கே தெரியும்.

முதலாளியிடம் போனால் எல்லோரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதற்கு முன் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் இல்லாமல் டிரிப் காசு மட்டும் என்றால், ஆலை வாசலில் வரிசையில் காத்திருக்கும் மணி நேரத்துக்குக் காசில்லை, மழை நாளுக்குக் காசில்லை, பட்டறையில் நிற்கும் நாளுக்குக் காசில்லை. இழந்ததைப் பிடிக்க ஓட்டுநர் வேகமாக ஓட்டுகிறார், ஒரு டிரிப்பில் ஒன்றரை டிரிப் ஏற்றுகிறார், தூக்கத்தைக் குறைக்கிறார். தூக்கம் வராமல் இருக்க கெத்தும் இலைத் தண்ணீர், மாத்திரை என்று சிலர் போவதும் இதனால்தான். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சம்பள முறையை ஒரு முதலாளி வகுக்கிறார், அதன் விலையை ஓட்டுநரும் எதிரில் வருகிறவரும் கொடுக்கிறார்கள். விபத்து நடந்த மறுநாள் பத்திரிகையில் ஓட்டுநரின் படம் மட்டும் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உங்களுக்குச் சேர வேண்டியதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). டிரிப் கணக்கு என்று சொல்லி அதற்குக் கீழே கொடுக்க முடியாது. வேலைச் சட்டப்படி வாரம் 45 மணி நேரம், அதற்கு மேல் கூடுதல் நேரச் சம்பளம், வாரம் ஒரு நாள் ஓய்வு. வாடகைக்கோ வியாபாரத்துக்கோ வண்டி ஓட்டுகிறவர், சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள்தான் இருக்கிறார்; பல ஓட்டுநர்களுக்கே இது தெரியாது. ஓய்வுக்காலச் சேமிப்பான சேமநிதிக்கு உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிப்பார்கள், முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு போட வேண்டும். தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவில் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயர் இருக்க வேண்டும். வேலையிடத்தில் மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும் அது கை கொடுக்கும். "அதெல்லாம் ஆறு மாதம் போகட்டும்" என்று சொல்கிறவரிடம் சேராதீர்கள். சம்பளம் நூறு வெள்ளி குறைவாக இருந்தாலும் பெயரைப் பதிகிறவரிடம் போங்கள்.

சிங்கப்பூருக்குப் போவது தவறில்லை. பணம் கூடுதலாக வரும். ஆனால் மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வரும்போது லாரியைப் பற்றி இன்று தெரிந்ததுதான் அன்றும் தெரிந்திருக்கும். உங்கள் ஆசை உண்மையானது என்றால் இங்கேயே இருங்கள். அம்மாவிடம் "லாரி ஓட்டப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 21 வயது வரை ஓட்டப் போவதில்லை, யாரிடம் என்ன கற்கப் போகிறேன், சேமநிதியும் சொக்சோவும் உண்டு என்று சொல்லுங்கள். நீங்கள் கெலிண்டானாகச் சேரும் லாரியின் ஓட்டுநரை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்து அம்மா கையால் ஒரு வேளை சோறு போடச் சொல்லுங்கள். தன் மகன் யார் பக்கத்தில் உட்கார்ந்து போகிறான் என்பதை அவர் பார்க்க வேண்டும்.

தாப்பாவில் காய்கறி லாரி வைத்திருக்கும் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அடிப்படைச் சம்பளம் கொடுப்பவர், கெலிண்டானுக்கும் சேமநிதி போடுபவர். உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவருடைய எண்ணைத் தனி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். சந்தை கூடும் நேரத்தில் பேச முடியாது, பிற்பகலில் அழையுங்கள். வேலை உறுதி என்று நான் சொல்லவில்லை. ஆள் தேவைப்பட்டால் எடுப்பார். போகும்போது அடையாள அட்டை, 'பி' லைசென்ஸ், எஸ்.பி.எம். சான்றிதழின் நகல் மூன்றையும் கொண்டுபோங்கள். கனமான காலணி போட்டுக்கொண்டு போங்கள், அன்றைக்கே ஏற்றச் சொன்னாலும் சொல்வார்.

அன்புடன்.