மெதுவாகப் போகும் குதிரையை 40 கிலோமீட்டர் எண்டியூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரைச் சவாரி) போட்டிக்குத் தயார் செய்ய முடியுமா?

கேட்டவரின் குதிரைக்கு எட்டு வயது. டிராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில்) தன்னோடு வரும் குதிரைகளுக்கு ஈடு கொடுக்காமல் பின்தங்கிவிடுகிறதாம். என் குதிரையும் அதே ரகம்தான், அதனால் சொல்கிறேன்: முடியும்.

என் தாத்தா வடசென்னைத் தண்டையார்பேட்டையில் ஜட்கா ஓட்டியவர். நாள் முழுக்க வண்டி இழுக்கும் குதிரையை அவர் நாலுகால் பாய்ச்சலில் விட்டதே இல்லையாம். எண்டியூரன்ஸும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மருத்துவர் பார்ப்பார். பொதுவாக நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்கினால்தான் தேர்ச்சி. இடைச்சுற்றுகளில் அது இறங்கிக் குதிரையைக் காட்டும்வரை உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டு, துடிப்பு இறங்கப் பன்னிரண்டு நிமிடம் நிற்கிற குதிரையை, பின்னால் வந்து மூன்று நிமிடத்தில் இறங்குகிற குதிரை முந்திவிடும். அதனால் வேகத்தை விடுங்கள், நாடியைப் பிடியுங்கள். தாடைக்கு அடியில் விரலை வைத்து 15 நொடி எண்ணுங்கள், 16-க்கு மேல் போகவில்லை என்றால் துடிப்பு 64-க்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். சவாரி முடிந்த கையோடு ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால், மெதுவாகப் போவது ஏன் என்று பாருங்கள். சோம்பேறி என்று நாம் திட்டுகிற குதிரைக்குப் பாதி நேரம் எங்கேயோ வலி இருக்கும். பல், குளம்பு, லாடம், குடற்புழு, முதுகில் சேணம் அழுத்துகிறதா என்பது எல்லாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம்தான், ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

அப்புறம் பயிற்சி. முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு நாலு நாள் நடை மட்டும், ஆனால் விறுவிறுப்பான நடை. மணிக்கு 6 கிலோமீட்டர் நடக்கும் குதிரை போட்டியில் நிறைய நேரத்தை மிச்சம் பிடிக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக டிராட் சேருங்கள். தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். நான் இங்கேதான் சறுக்கினேன். மூன்றே மாதத்தில் குதிரைக்கு மூச்சு வாங்குவது நின்றுவிட்டதே என்ற மிதப்பில் எர்ணாவூர் பக்கம் உதிரி மணலில் டிராட் விட்டேன். மறுநாள் முன்னங்கால் வீங்கிவிட்டது. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் தேறும். தசைநாணும் எலும்பும் கெட்டிப்பட ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். அலை நனைத்த கெட்டி மணல் நல்லது, உதிரி மணலில் நடையோடு நிறுத்துங்கள். எண்ணூர் விரைவுச் சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கன்டெய்னர் லாரிக்கு நடுவில் குதிரைக்கு என்ன வேலை? நீண்ட சவாரியை வாரம் ஒன்று வைத்துக்கொண்டு, அதற்கு டெம்போவில் ஏற்றி மீஞ்சூர் தாண்டி மண்பாதைக்குப் போய்விடுவது மேல்.

நம் ஊரில் வெயிலைவிடப் பெரிய தொல்லை புழுக்கம். வியர்வை காயாது, அதனால் உடம்பும் ஆறாது. சவாரி முடிந்ததும் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரச் சாக்கைப் போர்த்திவிடும் பழக்கம் இங்கே சிலருக்கு உண்டு, அது சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். குதிரையின் வியர்வையில் அதன் ரத்தத்தில் இருப்பதைவிட உப்பு அதிகம். அதனால் எவ்வளவு வியர்த்தாலும் நம்மைப் போல உடனே தாகம் எடுக்காது. தீனியில் உப்பு சேருங்கள், வழியில் தண்ணீரைக் கண்ட இடத்திலெல்லாம் குடிக்க விடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் காட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள் (என் தாத்தாவும் அதைத்தான் சொல்வார்).

சித்திரை, வைகாசியில் விடியற்காலை நடை போதும். வியர்க்க வேண்டிய நேரத்தில் உடம்பு காய்ந்தே இருந்து மூச்சு மட்டும் வாங்கினால், அன்றைக்கு இறங்கிவிடுங்கள், நிழலில் கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே டாக்டருக்கு போன் போடுங்கள்.