நாய்க்கு நல்ல உலர் தீவனத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?

கோபி பக்கம் தோட்டத்தில் நாய் வளர்க்கிறீங்க, கடையில் அடுக்கியிருக்கும் மூட்டைகளில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கீங்க. முன்பக்கத்துப் படத்தை விடுங்க, மூட்டையைத் திருப்புங்க. சேர்மானங்களை எடை வரிசையில்தான் போடுவார்கள், ஆனால் அது தயாரிப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழிக்கறியில் ஏறக்குறைய முக்கால்வாசி தண்ணீர் என்பதால் 'கோழி' முதலில் நின்றாலும், காய்ந்தபின் மக்காச்சோளமே அதிகமாக இருக்கலாம். அந்தச் சோளத்தையும் மாவு, புரதம் என்று பிரித்து எழுதிவிட்டால் பட்டியலில் கீழே போய்விடும், நமக்குத் தெரியாது!

அப்புறம் 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற வரியும், அது குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்பதும் இருக்கணும். அமெரிக்காவில் தீவனங்களுக்கு அளவு வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) என்ற அமைப்பின் கணக்குப்படி, ஈரத்தைக் கழித்த கணக்கில் புரதம் வளர்ந்ததற்குக் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5.

பிரித்த மூட்டையிலிருந்து அள்ளித் தரும் சில்லறைத் தீவனம் வேண்டாங்க. ஒருமுறை மலிவென்று இரண்டு கிலோ வாங்கி வந்தேன். கையில் எடுத்தாலே சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை, எங்கள் நாட்டு நாய் மோந்துவிட்டுக் கட்டுத்தரைப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. எதை வாங்கினாலும் சட்டென்று மாற்றாமல், பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்க, இல்லாவிட்டால் வயிற்றால் போகும்.