சினிமா கம்பெனியில் கணக்கு கற்கலாம். அதற்குத் தரகருக்கு எதற்கு 20,000?

கேள்வி: கும்பகோணத்தில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வடபழனியில் படத் தயாரிப்பும் அனிமேஷனும் செய்யும் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் வாங்கித் தருவதாக எங்கள் ஊர் கன்சல்டன்சி ஒன்று சொல்கிறது. 20,000 ரூபாய் டெபாசிட், ஒரிஜினல் மார்க் ஷீட், பான் கார்டு கேட்கிறார்கள். குறுவை அறுத்த பணத்தில் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. சினிமா கம்பெனி அனுபவத்தை வேறு இடத்தில் மதிப்பார்களா? பின்னால் சி.ஏ. படித்தால் இது ஆர்ட்டிகிள்ஷிப்பில் (ஆடிட்டரிடம் எடுக்க வேண்டிய பயிற்சியில்) கழியுமா?

பதில்: முதலில் அந்த இருபதாயிரத்தைப் பேசிவிடுவோம். கொடுக்காதீர்கள் தம்பி. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வேலை கற்க வருகிறவனிடம் டெபாசிட் வாங்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவை நான் பார்த்ததில்லை. வாங்குவதெல்லாம் இடையில் இருப்பவர்தான். மார்க் ஷீட் ஒரிஜினலைக் காட்டலாம், கையில் கொடுத்துவிட்டு வரக்கூடாது. கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்குவதற்கு இன்னொரு தொகை கேட்பார்கள்.

கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். அரசு ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டால் பெயர், முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் காசில்லாமல் தெரிந்துவிடும். எண்ணைத் தர கன்சல்டன்சி இழுத்தடித்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. பான் கார்டு நகலை வரிப் பிடித்தத்துக்காகக் கம்பெனிக்குத் தரலாம், தரகருக்குத் தர வேண்டியதில்லை. சேர்ந்த பிறகு, "உன் கணக்குக்குக் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடுத்துவிடு" என்றோ, "ஒரு ஓடிபி வரும், சொல்லு" என்றோ, "டிஜிட்டல் கையெழுத்து எடுத்து வைப்போம், சும்மா பெயருக்கு டைரக்டர்" என்றோ யாராவது சிரித்துக்கொண்டே கேட்டால், அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுங்கள். நோட்டீஸ் வரும்போது அந்த ஆள் போனை எடுக்க மாட்டார். கும்பகோணத்து வீட்டுக்குத்தான் தபால் வரும்.

இந்தத் தரகர்களை வளர்த்துவிட்டதே நம் கல்லூரி முறைதான். இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை வரும், கடைசித் தேதியும் கூடவே வரும். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. பையன் என்ன செய்வான்? ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருப்பவனைத் தேடிப் போகிறான்.

சரி, அனுபவத்துக்கு மதிப்பு உண்டா? தாராளமாக உண்டு. படக் கம்பெனிக் கணக்கும் உங்கள் வயல் கணக்குதான். மாதக்கணக்கில் பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும், ஒரு அறுப்பில் திரும்ப வர வேண்டும். ஷூட்டிங்கிலிருந்து ஒரு கட்டு பேட்டா வவுச்சர் வரும். ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, வேலை, தொகை, கையெழுத்து இருக்க வேண்டும். புரட்டிப் பார்த்தால் லைட்மேன் பெயரிலும் டிரைவர் பெயரிலும் ஒரே பேனா, ஒரே சாய்வில் கையெழுத்து இருக்கும். 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் இருக்காது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தச் செலவை வரிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். இதையெல்லாம் கண்ணால் பிடிக்கப் பழகியவனை எந்த ஆடிட் ஆபீஸும் வேண்டாம் என்று சொல்லாது.

இன்னொன்றையும் அங்கேதான் பார்க்கலாம். தயாரிப்பாளரே வெளியிடும் படம் நிதியாண்டு முடிய 90 நாளாவது இருக்கும்போது வெளியானால், தயாரிப்புச் செலவு முழுவதையும் வரிக் கணக்கில் அந்த ஆண்டு வருமானத்திலிருந்தே கழிக்கலாம். பொங்கலுக்கு வந்தால் மார்ச் 31-க்குள் 90 நாள் தேறாது. வசூலான அளவுக்குத்தான் கழிக்க முடியும், மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். ரிலீஸ் தேதிக்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு ஓடும்.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் இது கழியாது. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இப்போதைய முறையில் சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வின் இரண்டு குரூப்பையும் முடித்த பிறகுதான் இரண்டு ஆண்டுப் பயிற்சி தொடங்கும். அதற்கு முன் எங்கே வேலை பார்த்திருந்தாலும், சி.ஏ. படிப்பை நடத்தும் இன்ஸ்டிட்யூட் கணக்கில் அது பூஜ்யம். பயிற்சியில் சேர்ந்தபின், கடைசி ஆண்டில், 9 முதல் 12 மாதம் வரை ஒரு கம்பெனியில் தொழிற்பயிற்சி எடுக்க வழி இருக்கிறது. அதுவும் எல்லாக் கம்பெனியிலும் முடியாது. இன்ஸ்டிட்யூட் ஏற்ற நிறுவனமாக இருக்க வேண்டும், அங்கே வேலை செய்யும் ஒரு சி.ஏ.வின் கீழ் பயில வேண்டும், உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கழியாது. "ஆறு மாதம் கழித்துக்கொள்வார்கள்" என்று கன்சல்டன்சி சொல்லியிருந்தால் காதில் பூ சுற்றுகிறார்கள்.

ஸ்டைபெண்டில் (பயிற்சிக்கால உதவித்தொகையில்) 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்தால் பயப்பட வேண்டாம், ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க ஒரு மாணவன் ரிட்டர்ன் போட வேண்டியிருப்பது நம் தலையெழுத்து. பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் போய்விடும்.

கம்பெனிக்கு நீங்களே நேரடியாக மெயில் போடுங்கள். ஸ்டைபெண்ட் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாரிடம் வேலை என்பதைக் கம்பெனி மெயிலிலிருந்தே எழுத்தில் வாங்குங்கள். பட்டம் முடித்தபின் மத்திய அரசின் தொழில் பழகுநர் பயிற்சிக்கான நாட்ஸ் (NATS) தளத்தில் பதிந்தால் உதவித்தொகையோடு ஓர் ஆண்டுப் பயிற்சி கிடைக்க வாய்ப்புண்டு, பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சுவாமிமலைச் சிலைக்கூடங்களுக்கும் திருபுவனம் பட்டுக்கும் கணக்கு எழுதும் ஆபீஸ்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, அங்கேயும் கேட்டுப் பாருங்கள். வடபழனியிலிருந்து பதில் வந்தால், அப்பாவையும் கூட்டிக்கொண்டு உழவன் எக்ஸ்பிரஸில் ஒரு நடை போய் வாருங்கள். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் என்று ஒருவர் அங்கே நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்த பிறகு சேருங்கள்.