எக்செல் காட்டும் எம்ஐஎம் சரியா?

வணக்கம் சகோதரி. உங்கள் மகள் 1999-ஐ ரோமன் எண்ணில் 'எம்ஐஎம்' (MIM) என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார், ஆனால் எக்செலில் அதே விடை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் திருத்தியது சரிதான்.

ஐஎம் என்றால் ஆயிரத்தில் ஒன்று குறைவு என்று பிள்ளை யோசித்தது அழகான யோசனை. ஆனால் இன்றைய வழக்கப்படி ஐ-யை (1) வி (5), எக்ஸ் (10) இரண்டுக்கு முன்னால் மட்டுமே வைத்துக் கழிக்கலாம். எக்ஸ்-ஐ எல் (50), சி-க்கு (100) முன்னால். சி-யை டி (500), எம்-க்கு (1000) முன்னால். அதனால் எண்ணை இடமதிப்பாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள்: 1000 எம், 900 சிஎம், 90 எக்ஸ்சி, 9 ஐஎக்ஸ். வரிசையாகச் சேர்த்தால் எம்-சிஎம்-எக்ஸ்சி-ஐஎக்ஸ். 3999 வரை எந்த எண்ணுக்கும் இது போதும்.

எக்செலின் ரோமன் சார்பில் எண்ணுக்குப் பிறகு 4 என்று கொடுத்திருப்பீர்கள். அது மிகவும் சுருக்கிய வடிவம். அந்த 4-ஐ எடுத்துவிட்டால் பள்ளி விடையே வரும்.

பழைய ரோமர்களே இவ்வளவு கறாராக இல்லை. ரோமில் உள்ள பழைய அரங்கமான கொலோசியத்தின் 44-ஆம் வாயிலில் நான்கு, ஐவி இல்லாமல் நான்கு ஐ-களாகவே இருக்கிறது. மகளிடம் அந்த வாயிலின் படத்தைக் காட்டுங்கள், ரசிப்பாள். தேர்வில் மட்டும் ஐவி என்றே எழுதட்டும்.